ஏழாண்டுக்குப் பிறகு
பழைய கார்களின் கதை – 6

எஞ்சினில் ஒரு கோளாறு உண்டானால் அது சத்தத்தினாலோ புகையினாலோ தன்னை அறிவித்துவிடும் என்று சென்ற வாரம் பார்த்தோம். அடித்தட்டில் பிடிக்கும் துரு அப்படி எதையும் அறிவிப்பதில்லை. மேற்பூச்சு பளபளப்பாகவும் இருக்கைகள் புத்துறை அணிந்தும் இருக்கும்போதே, உட்கார்ந்திருப்பவரின் காலுக்குச் சற்றுக் கீழே, சக்கரங்களைத் தாங்கும் இரும்பு பல ஆண்டுகளாக ஏடு ஏடாக உரிந்துகொண்டிருக்கக்கூடும். அதைக் காண வேண்டுமானால் காரை ராம்ப்பில் ஏற்றி ஒருவர் கீழே புகுந்து பார்க்கவேண்டும். சொந்த உபயோகத்துக்கான காரை அவ்வாறு பார்க்கும்படி, பதிவாகிப் பதினைந்து ஆண்டுகள் நிறையும் வரையில், நம் நாட்டுச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் இவ்விஷயத்துக்கு விசேஷ முக்கியத்துவம் உண்டு. பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளிலிருந்து சேலைகளைச் சேகரித்து வெளியூர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறு வியாபாரிக்கும், கோயில்களைத் தரிசிக்க வருகிறவர்களை அழைத்துச் சென்று ஜீவனம் செய்கிறவருக்கும் புதுக் கார் என்பது எட்டாத கிரயம்; ஆகவே எழுபது கிலோமீட்டர் தூரத்திலுள்ள சென்னையில் எட்டோ பத்தோ ஆண்டுகள் ஓடிய வண்டி இரண்டாவது மூன்றாவது கையாக இவ்வூருக்கு வந்து சேருகிறது. அந்த வண்டி முன்பு எங்கே நின்றது, எந்த நீரில் நனைந்தது என்பதே அதன் அடித்தட்டின் சரித்திரம். ஆர்.சி. புத்தகத்தில் டி.என். 07 என்று தொடங்கும் எண் இருந்தால், அது திருவான்மியூர் அலுவலகத்தில் பதிவான வண்டி. இரவெல்லாம் கடற்காற்றில் நின்றிருக்க இடமுண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பரில், அந்நாளில் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய பகுதிகளில் கார்கள் நாட்கணக்கில் நீருக்குள் நின்றன என்பதும், அவ்வாறு மூழ்கிய வண்டிகளில் பல, காப்பீட்டுக் கம்பெனிகளால் ஏலம் விடப்பட்டு, சீர்செய்யப்பட்டு, மறுபடியும் சந்தைக்கு வந்தன என்பதும் அத்தொழிலில் உள்ளவர்கள் நன்கறிந்த விஷயம்.

இரும்பு துருப்பிடிப்பதற்கு நீரும் பிராணவாயுவும் இருந்தால் போதும். உப்பு அதில் செலவாவதில்லை; ஆனால் நீரில் கரைந்து மின்சாரத்தை எளிதில் கடத்தும் திரவமாக அதை மாற்றிவிடுவதால், துருப்பிடிக்கும் வேகம் பன்மடங்கு பெருகுகிறது. துருவானது, தான் தின்ற இரும்பைவிட அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. ஆதலால் இரண்டு தகடுகளை ஸ்பாட் வெல்டிங் செய்து சேர்த்திருக்கும் மடிப்புக்குள் அது பிறந்தால், உள்ளிருந்தே தகடுகளை நெம்பிப் பிரித்துவிடும். இக்காலத்துக் கார்களின் தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. கீறல் விழுந்த இடத்தில் இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தன்னை இழந்து இரும்பைக் காக்கிறது. முழு பாடியையும் ஒரு பெருந்தொட்டியில் அமிழ்த்தி மின்சாரத்தின் துணையால் பிரைமர் பூசும் முறையும் பரவியிருக்கிறது. அம்பாஸடரையும் பத்மினியையும் வைத்திருந்தவர்கள் வாசற்கதவின் அடியில் ஓட்டை விழுந்து பட்டி பார்த்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றந்தான். எனினும் பூச்சுக்கும் ஓர் ஆயுள் உண்டு. கல் தெறித்த இடம், ஜாக்கி வைத்து நசுங்கிய விளிம்பு, விபத்துக்குப் பின் கேஸ் வெல்டிங் பட்ட இடம் ஆகியவற்றில் அந்தக் காப்பு அழிந்துபோகிறது.

வேகமாக ஓடும் நீரைவிட, தங்கி நிற்கும் ஈரமே அதிக நாசம் விளைவிப்பது. ஏரிகள் நிறைந்த மாவட்டம் என்று பெயர் பெற்ற இப்பகுதியில், ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரிக்கரைப் பாதைகளில் ஓடும் வண்டியின் சக்கர வளைவுக்குள் அப்பிக்கொள்ளும் களிமண் வாரக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் செல்லும் குழல் போன்ற பகுதியில் நீர் வடிவதற்கென்று சிறு துவாரங்களை விட்டிருப்பார்கள். அவை மண்ணால் அடைபட்டால் உட்புறம் நீர்த்தொட்டியாகிவிடும். வெளியே தெரியும் செந்நிறக் கறைக்கு மனிதர்கள் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது இந்த உள்ளறையில் நடப்பதற்கே. அனுபவமுள்ள டிங்கர் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வருவார். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்துப்போன தகடு மந்தமாக ஒலிக்கும். அந்தத் தட்டுதலுக்கு அரைமணி நேரம் ஒதுக்காமல் பழைய கார் வாங்குவது சரியல்ல என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களில் கழுவி முடித்தபின் பழைய எஞ்சின் ஆயிலை அடியில் பீய்ச்சிவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அது ரப்பர் புஷ்களை ஊறவைத்து ஊதச் செய்யும். புழுதியை இழுத்து ஒட்டவைக்கும். இதைவிடப் பெரிய தீங்கு, துருவின் மேலேயே கறுப்புத் தார்ப்பூச்சைத் தடித்து அடித்து மறைத்துவிடுவது; பூச்சுக்கும் தகட்டுக்கும் இடையே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும். விற்பனைக்கு நிற்கும் பழைய காரின் அடிப்பக்கம் மட்டும் புத்தம் புதிதாகக் கறுத்திருந்தால், வாங்குகிறவர் மகிழ்ச்சியடைய வேண்டாம், சந்தேகப்பட வேண்டும். துருவை இரும்பு தெரியும்வரை சுரண்டி, பிரைமர் அடித்து, பெயின்ட் பூசி, அதன் பின்னரே மேற்காப்புப் போடவேண்டும். அரித்துப்போன பிரேக் பைப்புக்கோ ஒட்டு வேலையே கூடாது. அதைக் கழற்றிப் புதிது போடுவது ஒன்றே நிவர்த்தி.

இனி, கார் செய்த கம்பெனியே தன் தவற்றைக் கண்டு வண்டிகளைத் திரும்ப வரச்சொல்லும் ரீகால் என்ற ஏற்பாட்டுக்கு வருவோம். 2013ஆம் ஆண்டில், அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த மறைமலைநகர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஃபிகோ, கிளாசிக் ஆகிய கார்களில் 1,66,021 வண்டிகளை ஃபோர்டு கம்பெனி பரிசோதனைக்கு அழைத்தது. சோதிக்கவேண்டிய பாகங்கள் இரண்டு: பவர் ஸ்டியரிங்கின் குழாய் ஒன்று, பின்சக்கரங்கள் இரண்டையும் இணைத்து, வண்டியின் அடியில் குறுக்கே கிடந்து, மேடு பள்ளங்களில் முறுக்கேற்றுக்கொடுக்கும் பின் உத்தரம் மற்றொன்று. இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2010 ஆகஸ்டில், அதே கம்பெனி அமெரிக்காவிலும் கனடாவிலும் 1998 முதல் 2003 வரையிலான விண்ட்ஸ்டார் வண்டிகளில் சுமார் 5,75,000ஐ அழைத்திருந்தது. அங்கும் பிரச்சினை பின் அச்சிலேதான். பனியைக் கரைக்கச் சாலையில் கொட்டும் உப்பு அச்சை அரித்து, ஓடும்போதே முறிந்துபோகும் அபாயம் நேர்ந்ததே காரணம். அந்த வண்டிகளில் மிகப் பழையவை அப்போது பன்னிரண்டு ஆண்டுகளைத் தாண்டியிருந்தன என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

ஏனெனில் நம்முடைய சட்டம் அந்த வயதுள்ள வண்டியை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. 2012 வரையில் இந்நாட்டில் ரீகாலுக்கு எழுதிவைத்த நியமம் ஒன்றும் இல்லை. அவ்வாண்டில் கார் உற்பத்தியாளர் சங்கம் தன் அங்கத்தினர்களுக்காக ஒரு தன்விருப்ப ஒழுங்குமுறையை வகுத்தது. பிறகு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசாங்கமே உத்தரவிடலாம், தவறினால் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்ற நிலை, 2021 ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வந்த விதிகளால் ஏற்பட்டது. வாகன உரிமையாளர் தம் புகாரைப் பதிவு செய்யவும் வழி திறந்தது. இவையெல்லாம் மனமார வரவேற்கத்தக்கவை. ஆனால் அவ்விதிகளில் ஒரு வரம்பு இருக்கிறது: தயாரித்த தேதியிலிருந்து ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனத்துக்கே அந்தக் கட்டாயம் பொருந்தும். அமெரிக்காவில் ரீகால் பழுதைக் கம்பெனி இலவசமாகச் சரிசெய்து தரவேண்டிய காலத்தை 2015ஆம் ஆண்டுச் சட்டம் பத்திலிருந்து பதினைந்து ஆண்டாக உயர்த்தியிருக்கிறது.

ஏழாண்டு என்ற இந்த எல்லையை நான் ஆட்சேபிப்பது, எல்லாக் குறைகளும் கார் பிறக்கும்போதே வெளிப்படையாகப் பிறப்பவை அல்ல என்பதனால்தான். ஜப்பானிய டகாட்டா கம்பெனியின் ஏர்பேக்குகளை எண்ணிப்பாருங்கள். அவற்றை ஊதவைக்கும் அம்மோனியம் நைட்ரேட் என்ற ரசாயனம், ஆண்டுக்கணக்கில் வெப்பத்துக்கும் காற்றின் ஈரத்துக்கும் உட்பட்டு நிலைகுலைந்து, வெடிக்கும்போது இரும்புக் கலத்தையே சிதறடித்துச் சிதிலங்களை ஓட்டுபவர் மேல் எறிந்தது. பல தேசங்களில் மனிதர்கள் மாண்டார்கள். 2017 ஜூனில் அக்கம்பெனி திவாலாயிற்று. இந்தியாவில் ஹோண்டா கம்பெனி 2016 ஜூலையில் மட்டும் இதற்காக 1,90,578 கார்களை அழைத்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த பிரதேசங்களில் வண்டி முதுமையடைய அடைய அபாயம் அதிகரிக்கும் குறை இது. நம் கடற்கரை மாவட்டங்களின் தட்பவெப்பமோ அத்தகையது. துருவும் அவ்வாறே காலத்தால் முதிரும் கேடு. குறை முதிர்வதற்கு முன்பே சட்டத்தின் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. அந்த முடிவுக்குப் பின்னாலேதான் வண்டி காஞ்சிபுரத்து எளியவர் கைக்கு வருகிறது. முதல் சொந்தக்காரர் பெற்ற பாதுகாப்பை மூன்றாம் சொந்தக்காரருக்கு மறுப்பது நியாயமல்ல.

கம்பெனி தானாகவே அழைக்கும்போதும், அந்த அழைப்பு போய்ச் சேருவது எங்கே? காரை முதலில் வாங்கியவரின் விலாசத்துக்கு. அவர் விற்றுவிட்டிருப்பார், வீடும் மாறியிருப்பார். இதில் நம்மவர் பக்கத்திலும் பெருங்குறை உண்டு. 29, 30 என்ற எண்ணுள்ள படிவங்களில் விற்றவரின் கையொப்பத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமல், வண்டியைத் தரகர் கைமாற்றி, அதை வாங்கியவரும் அப்படியே கைமாற்றி ஓட்டும் வழக்கம் சாதாரணமாகிவிட்டது. முப்பது நாட்களுக்குள் வாங்கியவர் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். அபராதத்துக்கும் போலீஸ் வழக்குக்கும் பயந்து பெயர் மாற்றச் சொல்கிறோமே தவிர, பிரேக்கிலோ ஏர்பேக்கிலோ உள்ள அபாயத்தைச் சொல்லும் கடிதம் நம் வாசலுக்கு வரவேண்டும் என்பதற்காக மாற்றச் சொல்வதில்லை. இதைத் தரகர்களும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உதவி செய்கிறவர்களும் எடுத்துச் சொன்னால் புண்ணியம்.

பதினைந்தாம் ஆண்டில் 25ஆம் எண் படிவத்தோடு வண்டியைப் புதுப்பிக்கக் கொண்டுபோகும் நாள்தான், அரசாங்கம் அதை மறுமுறை நேரில் காணும் நாள். வரதராஜப் பெருமாளின் வைகாசித் தேர் வீதிக்குப் புறப்படுமுன் சக்கரத்தையும் அச்சையும் பொறியாளர்கள் சோதித்துச் சான்று தருவது போன்ற பரீட்சை, மனிதர்கள் நாள்தோறும் ஏறும் இவ்வண்டிக்கும் உண்டு என்றால் எவ்வளவு நலம்! வாடகைக் காருக்கு எட்டாண்டு வரை இரண்டு ஆண்டுக்கொரு முறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு, சொந்தக் காருக்கு இல்லை. பிரிட்டனில் மூன்றாம் ஆண்டு முதல் ஒவ்வோராண்டும் சொந்தக் கார்களையும் சோதிக்கிறார்கள். சக்கரத் தாங்கிகள், ஸ்டியரிங், சீட் பெல்ட் முதலியவை பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் உறுதியைக் குலைக்கும் அரிப்பு இருந்தால் வண்டி தேறாது. அத்தகைய எளிய அளவுகோல் ஒன்றை நாமும் வகுத்துக்கொள்ள இயலாதா? வண்டியை ராம்ப்பில் ஏற்றி அடியைப் பார்ப்பதும், பதினேழு எழுத்துகளும் எண்களுமாக உள்ள சேஸிஸ் எண்ணை நிலுவையிலுள்ள ரீகால்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் புதுப்பித்தலின் நிபந்தனைகளாகவேண்டும். இரண்டாவதற்கு ஒரு கணினியும் ஐந்து நிமிஷமும் போதும். ஏழாண்டு என்ற வரம்பைப் பதினைந்தாக உயர்த்தவேண்டும் என்றும் மத்திய போக்குவரத்து அமைச்சகத்தை இப்பகுதியின் மூலம் வேண்டிக்கொள்கிறேன்.

அது நிறைவேறும்வரை, இரண்டாவது மூன்றாவது கையாகக் கார் வைத்திருப்பவர்கள் சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் எழுத்து மூலமாகக் கேட்கலாம். அறிவித்த ரீகால் நிலுவையில் இருந்தால் இப்போதைய உரிமையாளர் யார் என்பது பொருட்டல்ல, வண்டிதான் பொருட்டு. உற்பத்தியை நிறுத்திவிட்ட கம்பெனிகளின் கார்களுக்கும் இப்படிக் கேட்கவேண்டும்: செவர்லே கார்களின் விற்பனை 2017இல் இங்கு நின்றது, ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, பழைய வாடிக்கையாளர்களுக்குச் சர்வீஸும் உதிரிபாகங்களும் தொடர்ந்து கிடைக்கும் என்று உறுதி கூறியது. மறைமலைநகரில் பிறந்த ஃபிகோக்கள் நம் மாவட்டச் சாலைகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் 2013ஆம் ஆண்டு ரீகாலின்படி பின் உத்தரம் சோதிக்கப்பட்டதா என்று கேட்டு, சோதித்திருந்தால் அதற்கான ஜாப் கார்டின் நகலைப் பெற்று, ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளவேண்டும். அடுத்து வாங்குகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.

(தொடரும்)