செக்கப் இலவசம்தானே, பில் எங்கிருந்து வந்தது?

குழந்தையின் வருடாந்தர செக்கப்புக்கு நம் கையிலிருந்து ஒரு டாலர்கூடப் போகாது என்றுதான் அமெரிக்காவில் இருக்கும் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2010-ல் வந்த சட்டப்படி பெரும்பாலான பிளான்களுக்கு அது உண்மையும்கூட. ஆனாலும் ஒரு மாதம் கழித்து நூறு, இருநூறு டாலருக்கு பில் வந்து நிற்கிறது. நியூ ஜெர்சியில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் மெடிக்கல் கோடராக இருக்கிறேன். "செக்கப்புக்குத்தாங்க வந்தோம், இது எதுக்கு?" என்று வாரத்துக்கு நாலு பேராவது போனில் கேட்கிறார்கள். அதில் நம்ம ஆட்கள் பெயரும் நிறைய.

டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து அதை எண்களாக்குவது என் வேலை. என்ன நோய், எதற்காக வந்தார்கள் என்பதற்கு ஐசிடி-10. டாக்டர் என்ன செய்தார் என்பதற்கு சிபிடி. முதலாவது ஒவ்வொரு அக்டோபர் 1-ம் தேதியும் மாறும், சில சமயம் ஏப்ரல் 1-லும் கொஞ்சம் சேரும். இரண்டாவது ஜனவரி 1-ல் மாறும். வீட்டில் கொலுப்படி அடுக்குகிற நாட்களில்தான் எங்களுக்குப் புது எண்களும் வந்து இறங்கும். 2015 அக்டோபரில் ஐசிடி-9 போய் 10 வந்தபோது சுமார் 14,000 எண்கள் கிட்டத்தட்ட 70,000 ஆயின. அதற்கு முன் காது வலி என்றால் காது வலி, அவ்வளவுதான். இப்போது வலது, இடது, இரண்டும் என்று மூன்றுக்கும் தனித்தனி எண்.

இங்கே நான் படிக்கும் அதே மாற்றங்களை, சென்னையில் ஓஎம்ஆர் ரோட்டில் ஒரு அலுவலகத்தில் என் அத்தை பெண்ணும் படிக்கிறாள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கோடிங் வேலை ரொம்ப நாளாகவே சென்னை, கோவை, திருச்சி என்று போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் பில்லில் இருக்கும் எண்ணைப் போட்டது ஒரு திருச்சிப் பெண்ணாகவே இருக்கலாம்.

சரி, அந்த பில்லுக்கு வருவோம். ஏழு வயதுப் பையன் செக்கப்புக்கு வருகிறான். அதற்கு எண் 99393. எல்லாம் முடிந்து கிளம்பும்போது அம்மா சொல்கிறார், "டாக்டர், ரெண்டு வாரமா ராத்திரியில இருமிக்கிட்டே இருக்கான்." டாக்டர் திரும்ப உட்கார்கிறார். நெஞ்சைக் கேட்கிறார், வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா என்று விசாரிக்கிறார், இன்ஹேலர் எழுதிக் கொடுக்கிறார். அம்மாவுக்கு அது ஒரே விசிட். எங்கள் கணக்கில் இரண்டு. 99393-உடன் 99213 அல்லது 99214, அதன் பின்னால் 25 என்று ஒரு மாடிஃபையர். 'செக்கப்புக்கு மேல் தனியாக, குறிப்பிடும்படியான வேலை நடந்தது' என்பதே அந்த 25-க்கு அர்த்தம். முதல் எண்ணுக்கு நீங்கள் கட்ட வேண்டியது பூஜ்யம். இரண்டாவதற்கு கோபே, டெடக்டிபிள் எல்லாம் உண்டு.

எதற்கெடுத்தாலும் 25 போட முடியாது. "சரியா சாப்பிடவே மாட்டேங்கிறான்" என்று நீங்கள் சொல்லி, எடையைப் பார்த்துவிட்டு "கவலைப்படாதீங்க" என்று டாக்டர் சொன்னால் அது செக்கப்பிலேயே சேர்த்தி. அதற்கும் 99213 வந்திருந்தால் தாராளமாகக் கேள்வி கேளுங்கள்.

"பத்து நிமிஷம்தான் பார்த்தார், பெரிய விசிட்டா போட்டிருக்கீங்களே" என்பது இன்னொரு கோபம். முன்பெல்லாம் என்னென்ன கேட்டார், எத்தனை உறுப்புகளைப் பரிசோதித்தார் என்று எண்ணித்தான் விசிட்டின் அளவை முடிவு செய்வோம். குறிப்புகள் பக்கம் பக்கமாக வளர்ந்ததே அதனால்தான். 2021 ஜனவரி 1 முதல் அது போய்விட்டது. இப்போது எடுத்த முடிவு எவ்வளவு சிக்கலானது என்று பார்க்கலாம், இல்லையென்றால் டாக்டர் அன்று செலவழித்த மொத்த நேரத்தைப் பார்க்கலாம். நேரம் என்றால் 99213-க்கு 20 நிமிடம், 99214-க்கு 30. அறைக்குள் வருமுன் பழைய ரிப்போர்ட் படித்ததும், நீங்கள் போனபின் அன்றே குறிப்பு எழுதியதும் அதில் சேரும். நர்ஸின் நேரம் சேராது. செக்கப்புக்கு ஆன நேரத்தையும் இதில் சேர்க்கக் கூடாது.

இதையெல்லாம் கேட்ட ஒரு அம்மா, "அப்போ இனிமே டாக்டர்கிட்ட வாயே திறக்கக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த இருமலைச் சொல்லாமல் வீட்டுக்குப் போய், ஒரு நாள் நடுராத்திரி மூச்சு வாங்கி எமர்ஜென்சிக்கு ஓடினால் பணம் மட்டுமா போகும்? சொல்லத்தான் வேண்டும். கூடவே, "இது செக்கப்புல வருமா, தனி விசிட்டா போகுமா?" என்றும் கேட்கலாம். டாக்டரிடம் காசு பேசுவது மரியாதை இல்லை என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இதே குழப்பம் தாத்தா பாட்டிக்கும் உண்டு. மெடிகேரில் வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் 'வெல்னஸ் விசிட்' நாம் நினைக்கிற முழு உடல் பரிசோதனை இல்லை. ரத்த அழுத்தம், எடை, மருந்துப் பட்டியல், நினைவாற்றல், வரும் வருடத்துக்கான திட்டம், அவ்வளவுதான். அங்கே போய் அப்பா முழங்கால் வலியைக் காட்டினால் அது வேறு கணக்கு. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே எதற்கு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பில் வந்ததும் உடனே கட்டிவிட வேண்டாம். இன்சூரன்ஸிலிருந்து வரும் இஓபி, 'இது பில் அல்ல' என்று அதிலேயே போட்டிருக்குமே, அது வரட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் கட்ட வேண்டிய தொகை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லில் எண்கள் இல்லையென்றால் எண்களோடு விவரமான பில் கேளுங்கள். பிறகு போர்ட்டலில் போய் டாக்டர் குறிப்பைப் படியுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து அதைக் கட்டணமில்லாமல் காட்ட வேண்டும் என்பது விதி. இருமல் பற்றித் தனியாக எதுவும் எழுதாமல் 99214 மட்டும் இருந்தால், எங்களை மாதிரி பில்லிங் ஆட்களைக் கூப்பிட்டு, கோடரை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், தவறு என்றால் திருத்திய க்ளெய்மை அனுப்பச் சொல்லுங்கள். "இலவசமா வர்ற மாதிரி மாத்திப் போடுங்களேன்" என்று மட்டும் கேட்காதீர்கள். குறிப்பில் இல்லாததை நாங்கள் போட்டால் அது மோசடி. இன்சூரன்ஸே மறுத்திருந்தால் முறையீடு செய்ய 180 நாள் இருக்கிறது.

எமர்ஜென்சி பில்லுக்கு வேறு சட்டம். 2022 ஜனவரியிலிருந்து, நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு ஓடினாலும், நெட்வொர்க் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்தவர் வெளி ஆளாக இருந்தாலும், நெட்வொர்க் கணக்குப்படிதான் நீங்கள் கட்ட வேண்டும். ஆனால் ரோட்டில் வரும் ஆம்புலன்ஸ் அந்தச் சட்டத்தில் இல்லை.

போன் செய்யும்போது பில், இஓபி, குழந்தையின் பிறந்த தேதி எல்லாம் கையில் இருக்கட்டும். திங்கட்கிழமை காலையில் மட்டும் வேண்டாம், அன்று எங்கள் லைன் கிடைக்கவே கிடைக்காது. புதன் மத்தியானம் கூப்பிடுங்கள்.