கேளாத கேள்வி

நம் சங்க மலரில் இலக்கியமும் பயணமும் படித்துப் பழகியவர்களுக்கு இக்கட்டுரையின் பொருள் சற்றுக் கூச்சத்தைத் தரலாம். எழுத உட்கார்ந்தபோது எனக்கும் அக்கூச்சம் இருந்தது. ஆயினும், அந்தக் கூச்சமே இத்துன்பத்தை ஆண்டுக்கணக்கில் வளர்க்கிறது என்பதை என் வீட்டிலேயே கண்டபின், எழுதாமலிருப்பது முறையன்று என்று துணிந்தேன். பெண்களுக்கு நேரும் சிறுநீர்க் கசிவைப் பற்றியும், அதற்கு நம் வீட்டருகே உள்ள மருத்துவர் செய்யக்கூடிய உதவியைப் பற்றியுமே இங்குச் சொல்லப்போகிறேன்.

ஜனக்புரியில் என் பெரியம்மா வீட்டில் தங்கி இயன்முறை மருத்துவம் பயின்று வருகிறேன். கிருத்திகைதோறும் இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குச் சென்று முருகனைத் தொழுவது பெரியம்மாவின் நெடுநாள் வழக்கம். 2018-இல் ஜனக்புரி மேற்கு நிலையத்திலிருந்து அப்பக்கத்திற்கு நேராக மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியபோது அவர் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமன்று. அப்படிப்பட்டவர் திடீரென்று கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கேட்டால், முழங்கால் வலி என்றார். கலியாண அழைப்புகளுக்கும் அதே விடைதான். தண்ணீர் குடிப்பதும் குறைந்தது. தில்லிக் குளிர்காலத்துப் புகையில் ஒருநாள் அவருக்குத் தொடர்ந்து இருமல் வந்தது. இருமிக்கொண்டே அவசரமாக எழுந்து உள்ளே ஓடினார். அப்போதுதான் எனக்கு ஐயம் தோன்றியது. இரவு தனியாக இருந்தபோது மெல்லக் கேட்டேன்.

“வயதானால் இப்படித்தானே அம்மா? இதைப் போய் யாரிடம் சொல்வது?” என்றார். ஐந்து ஆண்டுகளாக இத்துன்பம் இருந்ததாம்!

அந்த ஐந்து ஆண்டுகளிலும் இரத்த அழுத்தத்திற்காக அவர் மாதந்தோறும் மருத்துவரிடம் சென்று வந்திருக்கிறார். மருத்துவர் அழுத்தத்தைப் பார்த்தார், சர்க்கரையைப் பார்த்தார், மாத்திரை எழுதினார். இவர் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அழுத்தத்திற்குக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று சிறுநீரைப் பெருக்குவது என்பதும் பெரியம்மாவுக்குத் தெரியாது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமா? லக்னோவில் மருத்துவமனைக்கு வந்த 3000 பெண்களிடம் விசாரித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 21.8 பேருக்கு இக்கசிவு இருந்தது தெரியவந்தது. அதாவது ஐவரில் ஒருவருக்கு மேல். நம் வகுப்பில் உள்ளவர்களின் தாய்மார், பாட்டிமார், அத்தைமாரை எண்ணிப் பாருங்கள். கணக்கு நமக்கே விளங்கும்.

கசிவு ஏன் உண்டாகிறது?

சிறுநீர்ப்பை என்பது தசையால் ஆன ஒரு பை. அது நிரம்பும் வரை தளர்ந்திருந்து, நாம் கழிக்க விரும்பும்போது சுருங்க வேண்டும். அதன் அடியில், முன்னுள்ள எலும்பிலிருந்து பின்னுள்ள வாலெலும்பு வரையில் தூளி கட்டியதுபோல் சில தசைகள் உள்ளன. அவற்றை இடுப்புத்தளத் தசைகள் என்பர். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்குவது இந்தத் தூளியே. சிறுநீர் வழியை இறுக மூடி வைக்க உதவுவதும் இதுவே.

பிள்ளைப்பேற்றின்போது இத்தசைகள் மிகவும் இழுபடுகின்றன. உடற்பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல் ஆகியவை இவற்றின்மேல் ஓயாமல் சுமையேற்றுகின்றன. மாதவிலக்கு நின்றபின் சிறுநீர்ப் பாதையின் திசுக்களும் மெலிகின்றன. இந்நிலையில் ஒருவர் இருமினாலோ, தும்மினாலோ, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலோ வயிற்றின் அழுத்தம் கீழிறங்குகிறது. தளர்ந்த தூளி தாங்காமல் நீர் கசிகிறது. இதனை அழுத்தக் கசிவு எனலாம். லக்னோ ஆய்வில் கசிவுற்றவர்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் இவ்வகையினரே.

மற்றொரு வகை அவசரக் கசிவு. இதில் பை நிரம்பும் முன்பே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. கழிவறைக் கதவைத் தொடுவதற்குள் நீர் வெளியேறிவிடும். சிலருக்கு இரண்டும் கலந்திருக்கும். சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றினாலும், நீரிழிவு கட்டுக்கடங்காமல் இருந்தாலும், சில மாத்திரைகளாலும் கசிவு தோன்றலாம், மிகலாம். ஆகவே இதனை மூப்பின் விதி என்று விட்டுவிடுவது தவறு.

முதல் மருத்துவரே செய்யக்கூடியவை

இதற்குப் பெரிய மருத்துவமனையும் அறுவை அரங்கும் வேண்டும் என்று பலர் அஞ்சுகின்றனர். தொடக்கத்தில் அவை எதுவும் வேண்டா. முதலில் சிறுநீர்ச் சோதனை ஒன்று. உண்ணும் மாத்திரைகளின் பட்டியல் ஒன்று. பிறகு மூன்று நாள் குறிப்பு. எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தோம், எப்போது கழித்தோம், எப்போது கசிந்தது என்று மூன்று நாள்கள் எழுதிவந்தால், எவ்வகைக் கசிவு என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

அழுத்தக் கசிவுக்குத் தலையாய மருந்து பயிற்சியே. அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னல்டு கெகல் 1948-இல் இதனை விளக்கி எழுதினார். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் உட்தசைகளை மேல்நோக்கி இறுக்கிச் சில நொடிகள் நிறுத்தி, பின் முழுவதும் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக்கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக்கூடாது. ஒரு வேளைக்கு எட்டு முறையேனும், நாளொன்றுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும் என்பது இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நெறி. சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்பதைப் பயிற்சி பெற்ற ஒருவர் தொடக்கத்தில் பார்த்துச் சொல்வது மிகவும் தேவை. இருமல் வரப்போகிறது என்று தெரிந்தவுடன் முன்கூட்டியே தசையை இறுக்கிக்கொள்வது கைகண்ட உத்தி.

அவசரக் கசிவுக்குப் பைக்கே பயிற்சி தர வேண்டும். ஒரு மணிக்கொருமுறை ஓடுபவர், அவசரம் தோன்றியதும் ஓடாமல் அமர்ந்து தசையை இறுக்கி, அவ்வேகம் தணிந்தபின் செல்லப் பழக வேண்டும். இடைவெளியைப் பதினைந்து நிமிடம், அரை மணி என்று சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். இதற்கு ஆறு வாரமேனும் பொறுமை வேண்டும். நம்மவர்களுக்குக் கசப்பான செய்தி ஒன்றும் உண்டு: காப்பியையும் தேநீரையும் குறைத்தாக வேண்டும்! ஆனால் தண்ணீரைக் குறைக்கலாகாது. குறைத்தால் சிறுநீர் செறிந்து பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். பருத்த உடலினர் எடையைக் குறைத்தாலும் கசிவு குறைகிறது. 2009-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், உடல் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைத்த பெண்களுக்குக் கசிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இவற்றால் பயன் இல்லையெனில் மருந்துகளும் அறுவை முறைகளும் உண்டு. சிறுநீரில் இரத்தம், வலி, கருப்பை கீழிறங்குதல், நீர் கழிக்க முடியாமை, கால் மரத்துப்போதல், பேறுகாலத்திற்குப் பின்னோ அறுவைக்குப் பின்னோ ஓயாத ஒழுக்கு ஆகியவை இருந்தால் காத்திராமல் உடனே வல்லுநரிடம் அனுப்ப வேண்டும்.

யார் கேட்பது?

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். நம் மருத்துவ முறையும் பெரும்பாலும் அவ்வாறே நடக்கிறது. இந்நோயிலோ பிள்ளை அழுவதே இல்லை. ஆதலால் கேட்கும் கடமை மருத்துவப் பக்கத்தைச் சார்ந்தது. “இருமும்போதோ, கழிவறைக்குப் போய்ச் சேருமுன்போ சிறுநீர் கசிவதுண்டா? அது உங்களுக்குத் தொல்லையாக இருக்கிறதா?” இவ்வளவுதான் கேள்வி. இரத்த அழுத்தம் பார்க்கும் வேளையிலேயே செவிலியரோ ஆஷா பணியாளரோ கேட்டுவிடலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அழுத்த மாத்திரையோடு இயன்முறை மருத்துவமும் வீடு தேடிச் செல்கிறது. அப்படிச் செல்பவர் இக்கேள்வியையும் உடன் கொண்டு சென்றால் எத்தனை பெண்கள் வாய் திறப்பார்கள்!

தில்லியில் வாழும் நம் மூதாட்டியருக்கு மற்றொரு தடையும் உண்டு. கடைக்காரரிடம் பேசும் இந்தி அவர்களுக்குப் போதும். இதைச் சொல்லும் இந்தி அவர்களிடம் இல்லை. பெரியம்மாவை நான் உடன் அழைத்துச் சென்று, மூன்று நாள் குறிப்பை மருத்துவர் கையில் கொடுத்தேன். அவர் அக்கறையோடு படித்து, மாத்திரையை மாற்றி, பயிற்சிக்கும் அனுப்பினார். மூன்று மாதம் சென்றது. நாள்தோறும் நான்கைந்து முறை இருந்த கசிவு வாரத்தில் இரண்டொன்றாகக் குறைந்திருக்கிறது. முழுதும் நின்றுவிடவில்லை, பயிற்சியும் தொடர்கிறது. சென்ற கிருத்திகையன்று மலை மந்திர்ப் படிகளை என்னோடு ஏறினார். முழங்கால் வலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நண்பர்களே! அந்தக் கேள்வியையும் மூன்று நாள் குறிப்பின் கட்டங்களையும் பயிற்சி முறையையும் தமிழிலும் இந்தியிலும் ஒரே தாளில் நம் சங்கம் அச்சிட்டு ஜனக்புரித் தமிழ் வீடுகளுக்குக் கொடுக்கலாம். செலவு மிகச் சிறிது. சொல்ல நாணுபவர் அத்தாளை மருத்துவரிடம் நீட்டினாலே போதும். அதற்கு முன், இவ்வாரம் வீட்டிற்குத் தொலைபேசியில் பேசும்போது உங்கள் அன்னையிடம் நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.