கேள்வி நேரமும் கோயில் கணக்கும்

அரசாங்கத்தைப் பாராளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம். கோயிலையும் மடத்தையும் தர்காவையும் கேட்கலாமா? விடுதிச் சாப்பாட்டு மேஜையில் அண்மையில் நம் நண்பர்கள் இருவரிடையே எழுந்த வாதம் இது. கடவுள் காரியத்தில் சபைக்கு என்ன வேலை என்றார் ஒருவர். உண்டியலில் விழுவது ஊரார் பணம், ஏன் கேட்கக்கூடாது என்றார் மற்றவர். ரசம் ஆறிப்போனதுதான் மிச்சம்.

சபையில் எழுந்து பதில் சொல்பவர் அமைச்சர் ஒருவரே என்பதை இருவரும் மறந்துவிட்டனர். ஒரு நிறுவனத்தின்மேல் அமைச்சருக்குச் சட்டப்படி எவ்வளவு பொறுப்புண்டோ, அவ்வளவுக்குத்தான் கேள்வியும் செல்லும்.

இதை நன்கு விளக்கியது முந்த்ரா விவகாரம். 1956-ல் பாராளுமன்றச் சட்டத்தால் உருவான ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன், மறு ஆண்டிலேயே ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிப் பங்குகளில் ஒரு கோடி ரூபாய்க்குமேல் போட்டது. கேள்விகள் கிளம்பின. 1957 டிசம்பரில் பெரோஸ் காந்தி விஷயத்தை உடைத்துப் பேசினார். அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமரின் மருமகன் வேறு! நீதிபதி சாக்ளா பம்பாயில் பகிரங்கமாக விசாரித்தார். கார்ப்பொரேஷன் சுயாதீனமானது, செயலாளர்தான் செய்தார் என்ற சமாதானங்கள் எடுபடவில்லை. செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்று சாக்ளா கூறினார். நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி துறந்தார்.

இந்த அளவுகோலைக் கொண்டு சமய நிறுவனங்களைப் பார்ப்போம். சமய அறக்கட்டளைகள் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் 28-வது இனமாக உள்ளன. ஆகவே மத்திய அரசு, மாநில அரசு இரண்டுமே சட்டம் செய்யலாம். மதுரை மீனாட்சியம்மன் கோயில் மாநிலத்தின் 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்திற்கு உட்பட்டது. அதன் கணக்கைச் சென்னைச் சட்டசபையில் கேட்க வேண்டும். டில்லியில் கேட்டால் கேள்வி அனுமதி பெறாது. அஜ்மீர் தர்காவின் கதை வேறு. அதற்கென்றே 1955-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. நிர்வாகக் குழுவை மத்திய அரசு நியமிக்கிறது. எனவே அதைப்பற்றி மத்திய அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். இச்சட்டம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் 1961-ல் தீர்ப்பளித்தது.

எல்லையும் உண்டு. 1954-ல் சீரூர் மடத்து வழக்கில் அதே கோர்ட் வகுத்தது அது. சமய நெறிக்கு இன்றியமையாத சடங்குகளில் அரசு தலையிடக்கூடாது. சொத்து நிர்வாகத்தைச் சட்டத்தால் ஒழுங்கு செய்யலாம். எந்த வேளையில் எந்தப் பூஜை என்பது மடத்தின் பாடு. நிலக் குத்தகை யாரிடம் நிலுவை என்பது பொதுக் கேள்வி.

லோக்சபையில் நாளொன்றுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் இருபதுதான். அவற்றுக்கு அமைச்சர் நேரில் பதில் சொல்வார். துணைக் கேள்வியும் போடலாம். அமைச்சரைத் திணற வைப்பது பெரும்பாலும் இந்தத் துணைக் கேள்விதான். மற்றவற்றுக்கு எழுத்து மூலம் பதில். “தகவல் திரட்டப்படுகிறது” என்று தப்பினால் அது உறுதிமொழியாகக் குறிக்கப்படும். அதை விரட்டிப் பிடிக்க 1953 முதல் ஒரு கமிட்டி இருக்கிறது. ஆனால் கூச்சலில் கரையும் கேள்வி நேரத்திற்கு எந்தக் கமிட்டி? 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் தொற்றுநோயைக் காட்டிக் கேள்வி நேரமே கைவிடப்பட்டது. எழுத்துப் பதில்கள் வந்தன. துணைக் கேள்விக்கு வழியில்லை. இது சரியென்று எனக்குப் படவில்லை.

இன்னொரு விசித்திரம். அரசியலமைப்பின் 290-ஏ பிரிவின்படி, 1956 நவம்பர் 1-ல் திருவாங்கூர்-கொச்சியிலிருந்து நம்மோடு இணைந்த பகுதிகளின் கோயில்களுக்காகத் தமிழ்நாடு ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தேவஸ்வ நிதிக்குத் தர வேண்டும். திருவாங்கூர் தேவஸ்வ நிதிக்குக் கேரளம் தர வேண்டியது 46 லட்சத்து 50 ஆயிரம். இவை வோட்டுக்கு விடப்படாத செலவினம். சட்டசபையில் இதைப்பற்றி விவாதிக்கலாம். ஒரு ரூபாயும் வெட்ட முடியாது. வாதாடிய நண்பர்களில் ஒருவர் நாகர்கோவில்காரர். அவருக்கே இது புதுச் செய்தியாக இருந்தது.