இயங்குதளங்களின் எளிமை: பழக்கத்தைக் கழித்த பின் எஞ்சுவது

கணினியின் வன்பொருளுக்கும் அதைப் பயன்படுத்துபவருக்கும் இடையில் நின்று, கோப்புகளைச் சேமிப்பது, மென்பொருள்களை இயக்குவது, அச்சுப்பொறி முதலான கருவிகளைக் கட்டுப்படுத்துவது ஆகிய பணிகளைக் கவனித்துக்கொள்ளும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் எனப்படுகிறது. மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ், ஆப்பிளின் மேக் ஓஎஸ், எவரும் பெற்று மாற்றியமைத்துக்கொள்ளக்கூடிய லினக்ஸ் ஆகிய மூன்றும் முதன்மையானவை. விண்டோஸ் எல்லாருக்கும் எளிது, மேக் பழகியவர்களுக்குச் சுகம், லினக்ஸ் நிபுணர்களுக்கு மட்டுமே உரியது என்பது பரவலாக நிலவும் கருத்து. இதில் இயங்குதளத்தின் இயல்பு எவ்வளவு, சொல்பவரின் பழக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காத ஒப்பீடு நியாயமானதாக இருக்க முடியாது.

பயன்பாட்டு எளிமையை அளப்பதற்கென்றே பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பு 1998ஆம் ஆண்டில் ஐஎஸ்ஓ 9241-11 என்னும் தரத்தை வெளியிட்டது. குறிப்பிட்ட பயனர்கள் குறிப்பிட்ட சூழலில் தங்கள் வேலையை முடிக்க முடிகிறதா, அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவாகின்றன, முடித்த பின் அவர்களுக்கு மனநிறைவு உண்டா என்னும் மூன்றையும் அது கேட்கிறது. பயனரையும் சூழலையும் குறிப்பிடாமல் ஓர் இயங்குதளத்தை எளிது என்றோ கடினம் என்றோ சொல்ல அந்த வரையறை இடம் தருவதில்லை என்பதே அதன் பெருமை.

ஒரு கோப்பை ஒரு கோப்புறையிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் சிறு வேலையை எடுத்துக்கொண்டால் பழக்கத்தின் வலிமை விளங்கும். விண்டோஸில் கோப்பைத் தேர்ந்து கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தி, சேர வேண்டிய இடத்தில் கன்ட்ரோல்-வி அழுத்தினால் போதும். மேக்கிலோ கோப்புகளை இவ்வாறு வெட்ட வழியில்லை. கமாண்ட்-சி அழுத்தி நகலெடுத்துக்கொண்டு, சேருமிடத்தில் ஆப்ஷன் விசையையும் சேர்த்து கமாண்ட்-வி அழுத்தும்போதுதான் நகலா, நகர்த்தலா என்பது முடிவாகிறது. விண்டோஸிலிருந்து வருபவருக்கு இது வீண் சுற்றாகத் தோன்றும். ஆனால் விண்டோஸில் ஒரு பத்தியை வெட்டினால் அது உடனே மறைந்துவிடுகிறது, ஒரு கோப்பை வெட்டினால் மங்கலாகி அங்கேயே நிற்கிறது. ஒரே கட்டளை இடத்துக்கு ஒரு விதமாக நடந்துகொள்ளும் இந்த முரண்பாட்டை நாள்தோறும் அதைச் செய்பவர்கள் கவனிப்பதே இல்லை. அதுபோலவே கோப்பைத் தேர்ந்து என்டர் விசையைத் தட்டினால் விண்டோஸில் கோப்பு திறக்கிறது, மேக்கில் அதன் பெயர் திருத்தத்துக்குத் தயாராகிறது. லினக்ஸின் பெரும்பாலான திரைச்சூழல்கள் இவ்விரண்டிலும் விண்டோஸையே ஒத்திருக்கின்றன என்பதால், கடினம் என்று பெயர் வாங்கிய லினக்ஸ்தான் விண்டோஸ் பயனரின் கைப்பழக்கத்துக்கு மேக்கைக் காட்டிலும் நெருக்கமாக அமைகிறது.

போட்டி இயங்குதளத்துக்கு மாறாமலே பழக்கம் குலையக்கூடும் என்பதற்கு விண்டோஸின் வரலாறே சான்று. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95 திரையின் அடியில் பணிப்பட்டையையும் அதன் இடது ஓரத்தில் ஸ்டார்ட் பொத்தானையும் வைத்து, எங்கிருந்து தொடங்குவது என்ற புதியவரின் கேள்விக்கு விடை தந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8, தொடுதிரைகளை மனத்தில் கொண்டு அப்பொத்தானை நீக்கிவிட்டது. எழுந்த அதிருப்தி பெரிது. அடுத்த ஆண்டே 8.1 பதிப்பில் பொத்தானும், 2015இல் விண்டோஸ் 10இல் அதை அழுத்தினால் விரியும் பழைய பட்டியலும் திரும்பி வந்தன. பதினேழு ஆண்டுப் பழக்கத்தைத் திருத்த அந்த இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனத்தாலேயே இயலவில்லை.

இந்தப் பழக்கத்தைக் கூடியவரை ஒதுக்கிவிட்டு அளக்க முயன்ற ஆய்வு ஒன்று 2003ஆம் ஆண்டில் பெர்லினில் ரெலிவன்டிவ் என்னும் நிறுவனத்தால் நடத்தப்பட்டது. கணினிப் பழக்கம் இருந்தும் லினக்ஸ் அனுபவம் இல்லாத 60 பேர் லினக்ஸிலும், 20 பேர் அப்போது புதிதாக இருந்த விண்டோஸ் எக்ஸ்பியிலும் கடிதம் எழுதுவது, மின்னஞ்சல் அனுப்புவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்தனர். எல்லா வேலைகளையும் முடிக்க லினக்ஸ் குழுவுக்கு 44.5 நிமிடமும், எக்ஸ்பி குழுவுக்கு 41.2 நிமிடமும் ஆயின. தாங்கள் பழகிய அமைப்புக்கு ஈடாகப் புதியதையும் கையாள ஒரு வாரம் போதும் என்று நம்பியவர்கள் முதல் குழுவில் 80 விழுக்காடு, இரண்டாவதில் 85 விழுக்காடு. நிபுணர்களுக்கே உரியது என்று சொல்லப்பட்ட ஓர் இயங்குதளம் மூன்றே நிமிட இடைவெளியில் பின்னால் வந்தது. அன்றைய லினக்ஸைவிட இன்றைய உபுண்டு, மின்ட் போன்ற பதிப்புகள் எவ்வளவோ மேம்பட்டவை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

பழக்கத்தைக் கழித்த பிறகும் எஞ்சும் வேறுபாடுகள் உண்டு, அவை புறக்கணிக்கத்தக்கவையும் அல்ல. அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் வகுத்த விதிப்படி, ஓர் இலக்கைச் சென்றடைய ஆகும் நேரம் அதன் தொலைவையும் அளவையும் பொறுத்தது. மேக் தன் பட்டியல் வரியைத் திரையின் மேல்விளிம்பிலேயே வைத்திருப்பதால், மவுஸை எவ்வளவு வேகமாக மேலே தள்ளினாலும் சுட்டி விளிம்பில் நின்றுவிடும், இலக்கைத் தாண்டிப்போகாது. சாளரத்துக்குள் பட்டியலை வைக்கும் விண்டோஸில் குறிபார்த்து நிறுத்த வேண்டியிருக்கிறது. மென்பொருள்களை ஒரே நம்பகமான களஞ்சியத்திலிருந்து பெற்று, எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் புதுப்பிக்கும் வசதியில் லினக்ஸ் மற்ற இரண்டுக்கும் பல ஆண்டுகள் முன்னோடி. அந்த லினக்ஸே, கடையில் வாங்கிய ஏதோ ஒரு பிரிண்டரையோ ஸ்கேனரையோ இணைக்கும்போது சிலரைக் கைவிட்டுவிடுகிறது; கருவியை இயக்க உதவும் டிரைவர் என்னும் சிறு மென்பொருளைப் பல தயாரிப்பாளர்கள் விண்டோஸுக்கு மட்டுமே எழுதித் தருவது அதற்குக் காரணம்.

தமிழில் தட்டச்சு செய்பவருக்கு எளிமை என்பதில் விசைப்பலகையும் அடங்கும். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 அமைப்பு மேக்கில் நெடுங்காலமாக உள்ளடங்கியே வருகிறது. விண்டோஸில் அது 2019இல்தான் சேர்ந்தது, அதுவரை அவ்வமைப்பில் எழுத விரும்பியவர்கள் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்களைத் தனியே நிறுவித்தான் எழுதிவந்தனர்.

சூழல் எவ்வளவு தூரம் தீர்ப்பை மாற்றும் என்பதை இரண்டு பெரிய முயற்சிகள் காட்டுகின்றன. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013க்குள் சுமார் 15,000 கணினிகளை மாற்றியது. ஆயினும் 2017இல் விண்டோஸுக்கே திரும்ப நகரமன்றம் தீர்மானித்தது. வெளி அலுவலகங்களிலிருந்து வரும் ஆவணங்கள் வடிவம் சிதைந்து திறந்தது அங்கு தொடர்ந்து கேட்ட குறைகளுள் ஒன்று. சுற்றியுள்ள உலகம் வேறு மென்பொருளில் எழுதியதால் வந்த இந்த இடர்ப்பாட்டை இயங்குதளத்தின் கணக்கில் எழுதுவது சரியாகாது. கேரளத்திலோ அரசுப் பள்ளிகள் லினக்ஸை ஏற்று, பாடநூலையும் ஆசிரியர் பயிற்சியையும் தேர்வையும் அதையொட்டியே அமைத்துக்கொண்டதால், பல இலட்சம் மாணவர்கள் முதன்முதலாகத் தொடும் கணினியே அதில்தான் இயங்குகிறது. விண்டோஸ் பழக்கம் இல்லாத அக்குழந்தைகளுக்கு லினக்ஸ் கடினம் என்ற பேச்சுக்கே பொருளில்லை.

ஆகவே ஒரு பள்ளியோ அலுவலகமோ குடும்பமோ கணினி வாங்கும்போது, விற்பவரின் சொல்லையோ கணினி தெரிந்த உறவினரின் விருப்பத்தையோ மட்டும் நம்பி முடிவெடுக்கலாகாது. அதைப் பயன்படுத்தப்போகிறவர்களையே உட்காரவைத்து, அவர்கள் நாள்தோறும் செய்யும் நாலைந்து வேலைகளைச் செய்யச் சொல்லி, இடையில் உதவிக்கு வராமல் அருகிலிருந்து கவனிக்க வேண்டும். முதல் நாளில் ஒரு முறையும் ஒரு வாரம் கழித்து மறுமுறையும் இவ்வாறு கவனித்த பிறகே எந்த இயங்குதளம் என்று தீர்மானிப்பது நல்லது.