குதிரை நடையில் ஒரு யுத்தகளம்

யுத்தகளம் என்றதும் நம் மனக்கண் முன் ஒரு சித்திரம் தோன்றுகிறது. புகை மண்டலம், வெற்றி முழக்கம், பாய்ந்து வரும் புரவிகள், மின்னும் வாட்கள்! ஆனால் போர் முடிந்து நூறு, நூற்றைம்பது வருஷங்கள் சென்ற பிறகு அந்த இடத்தைத் தேடிப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே காத்திருக்கும். அங்கே இருப்பது ஒரு வயல். அல்லது வயல் இருந்த இடத்தில் எழும்பிவிட்ட ஒரு கடைவீதி. எங்கே நின்று பார்ப்பது, எதைப் பார்ப்பது என்றே விளங்காது.

இந்தப் பொது விதிக்கு விலக்காக இருப்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பென்ஸில்வேனியா மாகாணத்தைச் சேர்ந்த கெட்டிஸ்பர்க். 1863-ம் வருஷம் ஜூலை மாதம் 1, 2, 3 தேதிகளில் அங்கே நடந்த போர் அந்நாட்டின் சரித்திரத்தையே திருப்பிவிட்டது. அந்தப் போர்க்களத்தில் சுமார் 6,000 ஏக்கர் நிலத்தை அந்நாட்டார் தேசியப் பூங்காவாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதை மோட்டாரில் ஏறிச் சுற்றி வரலாம், சைக்கிளிலும் போகலாம், நடந்தும் பார்க்கலாம். எனினும் அந்த மண் தன் கதையை ஒளிவு மறைவின்றிச் சொல்வது குதிரைமேல் ஏறி வருகிறவர்களுக்குத்தான். அது எப்படி என்பதைப் பார்ப்போம்.

மூன்று நாள் போர்

அடிமை முறையை விட மனமில்லாத தென் மாகாணங்கள் பிரிந்து போய்த் தனி அரசு அமைத்துக் கொண்டதால் 1861-ல் மூண்டது அமெரிக்க உள்நாட்டுப் போர். இரண்டு வருஷங்களுக்குப் பிறகு தென்னாட்டுத் தளபதி ராபர்ட் லீ தம் சேனையுடன் வட பகுதிக்குள்ளேயே புகுந்துவிட்டார். கெட்டிஸ்பர்க் அப்போது சுமார் 2,400 ஜனங்கள் வசித்த சிற்றூர். பல திசைகளிலிருந்து வரும் சாலைகள் அங்கே வந்து கூடின. அதனால் சேனைகளும் அங்கே வந்து கூடின.

ஜூன் 30-ந் தேதி வடவரின் குதிரைப் படைத் தலைவர் ஜான் புஃபோர்டு அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். குதிரைமேல் அமர்ந்தபடியே சுற்றுப்புறத்து மேடுகளை நோட்டமிட்ட அவர், போர் இங்கேதான் நடக்கப் போகிறது என்றும், தெற்கே உள்ள குன்றுகள் யார் கையில் இருக்கின்றனவோ அவர்களுக்கே ஜயம் என்றும் கண்டுகொண்டார். மறுநாள் காலையில் அவருடைய வீரர்கள் குதிரைகளை விட்டு இறங்கித் தரையில் நின்று சுட்டார்கள். நான்கு பேரில் ஒருவன் பின்னால் நின்று நான்கு குதிரைகளின் கடிவாளங்களையும் பிடித்துக் கொள்வான். மற்ற மூவர் போரிடுவார்கள். வாள் வீசிப் பாய்வதற்கல்ல, வேண்டிய இடத்துக்கு விரைவில் போய்ச் சேர்வதற்கே அன்று குதிரை பயன்பட்டது. அவர்கள் தடுத்து நின்ற நேரத்துக்குள் வடவரின் காலாட்படை வந்து சேர்ந்தது. அன்று மாலைக்குள் வடவர் ஊரை இழந்தார்கள்; ஆனால் குன்றுகளை இழக்கவில்லை.

இரண்டாம் நாள் கோதுமை வயலிலும், பீச் பழத் தோட்டத்திலும், லிட்டில் ரவுண்ட் டாப் என்ற பாறைக் குன்றிலும் இரத்தம் வெள்ளமாய் ஓடிற்று. மூன்றாம் நாள் பிற்பகலில் லீயின் கட்டளைப்படி ஏறக்குறைய 12,500 வீரர்கள், முக்கால் மைல் அகலமுள்ள திறந்த வெளியைக் கடந்து, எதிரே கற்சுவருக்குப் பின்னால் இருந்த வடவரை நோக்கி நடந்தார்கள். ‘பிக்கெட்டின் பாய்ச்சல்’ என்று பிரசித்தி பெற்ற அந்தத் தாக்குதலில் சென்றவர்களில் சரிபாதிப் பேர் மாண்டார்கள், அல்லது காயமுற்றார்கள், அல்லது பிடிபட்டார்கள். மூன்று நாளிலும் இரு தரப்பிலும் சேர்ந்து இவ்வாறு நஷ்டமானவர்களின் தொகை சுமார் 51,000. லீ வந்த வழியே திரும்பினார்.

சேணத்திலிருந்து காணும் காட்சி

இத்தனையும் நடந்த இடத்தை மோட்டாரில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு என்ன தெரிகிறது? பச்சைப் பசேலென்று ஒரு சமவெளி. ‘இந்த வெட்ட வெளியிலா அத்தனை பேரையும் நடக்கவிட்டார்கள்? லீக்குப் புத்தி இல்லையா?’ என்று கேட்கத் தோன்றும்.

பூங்காவுக்குள் குதிரைகளுக்கென்றே குறித்துவிடப்பட்ட பாதை உண்டு. அதை விட்டு விலகிப் போகக்கூடாது என்பது கண்டிப்பான விதி. சொந்தக் குதிரை உள்ளவர்கள் அதைக் கொண்டு வருகிறார்கள். மற்றவர்கள் அருகிலுள்ள லாயங்களில் வாடகைக்கு அமர்த்திக் கொண்டு, வரிசையாகச் செல்கிறார்கள். பரீட்சையில் தேறி அனுமதி பெற்ற வழிகாட்டிகள் கூடவே வந்து கதை சொல்வதும் உண்டு. இப்படி அனுமதி வழங்கும் வழக்கம் 1915-ல் ஏற்பட்டது. பாய்ச்சலுக்கும் பந்தயத்துக்கும் அங்கே இடமில்லை. குதிரை நடையாகவே போகிறது: மணிக்கு மூன்று அல்லது நான்கு மைல். அன்று சேனைகள் நடந்த வேகமும் ஏறத்தாழ அதுதான்.

செமினரி மேட்டின் ஓரமாகப் போகும்போது குதிரையின் முதுகு சில உண்மைகளைக் கற்பிக்கிறது. மோட்டார்ச் சக்கரத்துக்குத் தெரியாத ஏற்ற இறக்கம் குதிரையின் தோள்களுக்குத் தெரியும். சரிவில் இறங்கும்போது சவாரி செய்பவர் தம்மை அறியாமலே பின்னால் சாய்கிறார். ஏற்றத்தில் முன்னால் குனிகிறார். சமவெளி என்று நினைத்தது உண்மையில் மடிப்பு மடிப்பான நிலம்! ஒரு பள்ளத்தில் இறங்கியதும் எதிரேயுள்ள மேடு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. நாலடி ஏறியதும் மறுபடியும் தென்படுகிறது. பிக்கெட்டின் வீரர்கள் இப்படித்தான் சில நிமிஷம் குண்டுகளுக்கு மறைந்தும், சில நிமிஷம் இலக்காகியும் சென்றார்கள். லீயின் கணக்கு முழுப் பைத்தியக்காரத்தனம் அல்ல என்பது அப்போது விளங்குகிறது. கடைசிப் பகுதியில், சாலையோரத்து வேலிகளைத் தாண்டிய பிறகு, மறைவு ஏதும் இல்லை என்பதும் விளங்குகிறது.

இன்னொன்று: சேணத்தில் அமர்ந்தவரின் கண் தரையில் நிற்பவரின் கண்ணைவிட மூன்றடி உயரத்தில் இருக்கிறது. தளபதிகள் ஏன் குதிரைமேலேயே இருந்தார்கள் என்பதற்கும், ஏன் அத்தனை தளபதிகள் சுடப்பட்டு விழுந்தார்கள் என்பதற்கும் அந்த மூன்றடியே விடை. காலில் காயம் பட்டிருந்ததால் பிக்கெட்டின் படைப்பிரிவில் குதிரைமேல் ஏறியே சென்ற ரிச்சர்டு கார்னெட் என்ற தளபதி கற்சுவரை நெருங்கும் சமயத்தில் கொல்லப்பட்டார். அவருடைய சடலத்தைப் பிற்பாடு யாராலும் அடையாளம் காண முடியவில்லை.

வாய் பேசாப் படை

மனிதர்களாவது ஒரு கொள்கைக்காகச் சண்டையிட்டார்கள் என்று சொல்லலாம். குதிரைகள்? ஒரு பீரங்கியை இழுக்க ஆறு குதிரைகள் வேண்டும். அதன் மருந்துப் பெட்டி வண்டியை இழுக்க இன்னும் ஆறு. குதிரைகள் விழுந்துவிட்டால் பீரங்கியை நகர்த்த முடியாது என்பது எதிரிக்கும் தெரியும். ஆகவே முதலில் குதிரையைச் சுடு என்பது அக்காலத்து யுத்த தர்மமாயிருந்தது! டிராஸில் என்ற குடியானவரின் வீட்டு முற்றத்தில் மஸாசூஸெட்ஸ் பீரங்கிப் படை ஒன்று தன் குதிரைகளில் பெரும்பாலானவற்றை இழந்தது. அவை செத்துக் கிடந்த காட்சியைக் காட்டும் புகைப்படங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுக் களஞ்சியத்தின் சுவரில் பீரங்கிக் குண்டு துளைத்த ஓட்டையும் இருக்கிறது. அந்த மூன்று நாளில் மாண்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

பிழைத்த குதிரைகளில் இரண்டு புகழ் பெற்றவை. லீயின் சாம்பல் நிறக் குதிரையான டிராவலர் தன் எஜமானர் இறந்த மறு வருஷம், 1871-ல் இறந்தது. வடவரின் பிரதம தளபதி ஜார்ஜ் மீடின் குதிரையான பால்டி கெட்டிஸ்பர்க்கில் வயிற்றில் குண்டு பாய்ந்தும் சாகவில்லை. 1872-ல் மீடின் சவ ஊர்வலத்தில் அது நடந்து சென்றது. பின்னும் பத்து வருஷம் உயிரோடிருந்தது. இன்று களத்தின் இரு புறங்களிலும் லீயும் மீடும் வெண்கலக் குதிரைகள்மீது ஒருவரையொருவர் நோக்கியபடி நிற்கிறார்கள்.

அந்தச் சிலைகளைப் பற்றி ஒரு வேடிக்கையான நம்பிக்கையும் உண்டு. குதிரை இரண்டு குளம்புகளைத் தூக்கியிருந்தால் வீரர் அங்கே மாண்டவர். ஒன்றைத் தூக்கியிருந்தால் காயமுற்றவர். நான்கும் தரையில் பதிந்திருந்தால் தப்பியவர் என்பார்கள். வெகு காலம் இது பொருந்தியே வந்தது. 1998-ல் வைத்த லாங்ஸ்ட்ரீட் சிலை அதைக் கெடுத்துவிட்டது. அங்கே காயமே படாத அவருடைய குதிரை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது!

மண்ணைக் காத்த வழக்கு

இந்த நிலம் தானாகப் பிழைத்ததல்ல. போர் நடந்த மறு வருஷமே, 1864-ல், உள்ளூர்ப் பிரமுகர்கள் சங்கம் அமைத்து நிலத்தை வாங்கத் தொடங்கினார்கள். ஆனால் 1893-ல் ஒரு கம்பெனி, வருகிறவர்களை ஏற்றிச் செல்வதற்கென்று களத்தின் நடுவிலேயே மின்சார டிராம் பாதை போட்டது. அதற்காகப் பாறைகளை வெடி வைத்துத் தகர்த்தது. போரைக் காணும் வசதிக்காகப் போர்க்களத்தையே அழிப்பதா என்று கூக்குரல் எழுந்தது. 1895-ல் அரசாங்கம் தேசியப் பூங்காவை ஸ்தாபித்தது. நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ள அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கு அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் வரையில் போயிற்று. ஒரு யுத்தகளத்தைக் காப்பது பொது நன்மைக்கான காரியமே என்று 1896-ல் நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். சாலை போடுவதும் கோட்டை கட்டுவதும் மட்டுமல்ல, நினைவைக் காப்பதும் அரசாங்கத்தின் கடமை என்று ஆயிற்று.

அதோடு தொல்லை தீர்ந்துவிடவில்லை. 1974-ல் பக்கத்துத் தனியார் நிலத்தில் 307 அடி உயரத்துக்கு ஓர் இரும்புக் கோபுரம் எழுந்தது. காசு கொடுத்து உச்சிக்கு ஏறினால் களம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். ஆனால் களத்தில் நின்றவர்களுக்கோ எங்கே திரும்பினாலும் கோபுரம்தான் தெரிந்தது! 2000-ம் வருஷம் ஜூலை 3-ந் தேதி, போரின் நினைவு நாளிலேயே, அதை வெடி வைத்து வீழ்த்தினார்கள். பிற்காலத்தில் முளைத்த காடுகளை வெட்டி, பழைய பழத் தோட்டங்களை மறுபடி நட்டு, 1863-ல் இருந்த பார்வையைத் திரும்பக் கொண்டு வரும் வேலையும் நடந்திருக்கிறது. குதிரைமேல் போகிறவர் மேட்டையும் பள்ளத்தையும் தெளிவாகக் காண்பது இத்தனை பேர் போராடியதன் பலன்.

மண்ணைக் காத்தால் மட்டும் போதுமா? 1913-ல், போரின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு 50,000-க்கு மேற்பட்ட கிழப் போர்வீரர்கள் வந்தார்கள். பழைய பகைவர்கள் அந்தக் கற்சுவரின் மேல் கை குலுக்கிக் கொண்டார்கள். உள்ளத்தை உருக்கும் காட்சிதான். ஆனால் போருக்கு மூலகாரணமான அடிமைத்தனத்தைப் பற்றி அன்று அதிகம் பேசப்படவில்லை. அதே கற்சுவருக்கு அருகில் வெள்ளையடித்த சிறு வீடு ஒன்று நிற்கிறது. அது ஏப்ரகாம் பிரையன் என்ற சுதந்திரக் கறுப்பரின் பண்ணை வீடு. தென்னாட்டுச் சேனை வழியில் அகப்பட்ட கறுப்பர்களைப் பிடித்து அடிமைகளாகக் கொண்டு சென்றதால், அவர் குடும்பத்துடன் ஓடித் தப்ப வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது பயிரும் வேலியும் பாழாகிக் கிடந்தன. வீரர்களுக்கும் தளபதிகளுக்கும் சேர்த்து 1,300-க்கு மேற்பட்ட ஞாபகச் சின்னங்கள் நிறைந்த அந்தப் பூங்காவில், போர் எதற்காக நடந்தது என்பதை அந்தச் சிறிய வீடுதான் சுருக்கமாகச் சொல்கிறது.

1863 நவம்பர் 19-ந் தேதி ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் அங்கே வந்தார். மாண்டவர்களுக்கான மயானத்தை அர்ப்பணம் செய்யும் விழாவுக்கு ஊர்வலத்தில் அவரும் குதிரைமேல் ஏறியே சென்றார். அவருக்கு முன் பேசியவர் இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கன் பேசியது இரண்டே நிமிஷம். இறந்தவர்கள் தொடங்கிய வேலையை முடிக்க வேண்டியவர்கள் உயிரோடிருப்பவர்களே என்பது அந்தப் பேச்சின் சாரம். காப்பாற்றி வைத்த மண்ணின் பயனும் அதுவே. வெற்றி தோல்விக் கணக்கை ஏட்டில் படித்துவிடலாம். ஒரு தேசம் என்ன விலை கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்பதை அறிய அந்த மேட்டிலும் பள்ளத்திலும் மெல்ல ஏறி இறங்க வேண்டும். அதற்குக் குதிரையின் நடையே போதுமான வேகம்.