வாயைக் கட்டும் முன் கண்ணை மூடுங்கள்

எடையைக் குறைக்க வேண்டும் என்று போய் நின்றால் எவரும் சொல்லும் முதல் புத்திமதி, ‘வாயைக் கட்டு’. கட்ட முடியாதவருக்கு மனஉறுதி போதாது என்று கையோடு தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். முந்தைய இரவு அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்பவர் அரிது. மூளை ஆய்வுகளைப் பார்த்தால் அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. தூக்கம் கெட்ட மூளை, உணவை வேறு கணக்கில் எடைபோடுகிறது.

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாத்யூ வாக்கரின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில் 23 பேர் கலந்துகொண்டார்கள். ஓர் இரவு நன்றாகத் தூங்கிய பின்பும், இன்னொரு முறை இரவு முழுக்க விழித்திருந்த பின்பும் அவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, உணவுப் படங்களைக் காட்டி, எது எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்கள். விழித்திருந்த மறுநாள், சீர்தூக்கிப் பார்க்கும் நெற்றிப்புறப் பகுதிகள் மந்தமாயின. உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா முறுக்கேறியது. கலோரி மிகுந்த பண்டங்கள் மீது ஆசையும் கூடியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் எரின் ஹான்லன் குழு 2016இல் காட்டியது இன்னும் சங்கடமானது. நான்கு இரவுகள் நாலரை மணி நேரம் மட்டுமே படுக்கவிட்ட இளைஞர்களின் ரத்தத்தில், கஞ்சாவைப் போலவே பசியைத் தூண்டும் ஒரு வேதிப்பொருள், உடம்பே சுரப்பது, பிற்பகலில் ஏறி மாலைவரை இறங்காமல் நின்றது. வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நொறுக்குத்தீனியை வைத்ததும் கை தானாகப் போனது. இதற்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?

விழித்திருக்கும் உடம்புக்குக் கூடுதல் சாப்பாடு தேவைப்படத்தானே செய்யும் என்று கேட்கலாம். தேவைதான். கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று அதையே அளந்தது. 16 பேரை ஐந்து இரவுகள் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது, உடல் செலவிட்ட ஆற்றல் 5 சதவீதம் அளவுக்கு உயர்ந்தது. அவர்கள் தின்றதோ அந்தச் செலவையும் தாண்டியது. ஒரே வாரத்தில் முக்கால் கிலோவுக்கு மேல் எடை ஏறியது. தாண்டவைத்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய கொறிப்பு.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குள் பத்திருபது பேரை வைத்துச் செய்தது, வீட்டில் நடக்குமா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். இரவு முழுக்க விழிப்பது அன்றாட வாழ்க்கை அல்ல என்பதும் சரி. அதற்குப் பதில் 2022இல் ஆய்வாளர் எஸ்ரா தசாலி நடத்திய சோதனையில் இருக்கிறது. எடை கூடிய, ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குகிற 80 பேர். இருந்தது அவரவர் வீட்டில், தின்றது அவரவர் விருப்பப்படி. ஒரு பாதியினருக்குத் தூக்கத்தைக் கூட்ட மட்டும் ஆலோசனை சொன்னார்கள். உணவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தூக்கம் 1.2 மணி நேரம் கூடியது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் தினசரி உணவு சுமார் 270 கலோரி குறைந்தது. ஏறத்தாழ ஒரு பரோட்டா. இரண்டு வாரச் சோதனைதான். ஆண்டுக்கணக்கில் இது நீடிக்கும் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் நைட் ஷிஃப்ட் பார்க்கும் செவிலியரிடமோ நூற்பாலைத் தொழிலாளியிடமோ போய் ‘நன்றாகத் தூங்குங்கள்’ என்பது கேலி மாதிரிதான் இருக்கும். அவர் தூக்கம் அவர் கையில் இல்லை. ஷிஃப்ட் அட்டவணை போடுகிறவர் கையிலும், விடிகாலை மூன்று மணிக்கு கேன்டீனில் பஜ்ஜியை மட்டும் வைத்திருப்பவர் கையிலும் இருக்கிறது.