வாரண்டி அட்டையில் ஒரு மறைந்த மொழி

ஃபிரிட்ஜ் வாங்கப் போனால், "வாரண்டி எத்தனை வருஷம்? கேரண்டி உண்டா?" என்று கேட்கிறோம். கடையில் இரண்டுக்கும் அர்த்தம் வேறு. பிறப்பில் இரண்டும் ஒரே சொல், பிராங்கிய மொழிச் சொல்.

பிராங்கியர் ஜெர்மானியக் குடியினர். 5ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசு தளர்ந்தபோது இன்றைய பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் ஆட்சியைப் பிடித்தவர்கள். பிரான்சுக்குப் பெயர் வந்ததே அவர்களால்தான். அதே பெயர்தான் அராபியர், பாரசீகர் வாய்வழியாக வந்து நம்மிடம் 'பரங்கி' ஆனது. வடக்கே அவர்கள் பேச்சிலிருந்து டச்சு மொழி கிளைத்தது. பிரான்சிலோ, ஆண்டவர்களே குடிமக்களின் லத்தீன் பேச்சுக்கு மாறிப்போனார்கள். எழுத்தில் மிஞ்சியது சொற்பம்: சாலிக் சட்டம் என்னும் லத்தீன் நூலில் இடையிடையே கிடக்கும் சில சொற்கள், நெதர்லாந்தில் கிடைத்த வாளுறைத் தகட்டில் ஒரு வரி.

ஆனால் ஓர் ஒலி பிழைத்துக்கொண்டது. பிராங்கியர் இதழ் குவித்துச் சொன்ன 'வ' அன்றைய லத்தீன் வாய்க்கு வரவில்லை. முன்னால் ஒரு 'க' சேர்த்து 'க்வ' என்றார்கள். பிறகு 'வ' உதிர்ந்து 'க' மட்டும் நின்றது. பாரிஸ் பிரெஞ்சில் காப்பதற்கு 'கார்தே'. பிராங்கியர் நெருக்கமாகக் குடியேறிய வடக்கில் மட்டும் அந்த 'வ' அப்படியே தங்கிவிட்டது. அங்கே பேசும் பிகார்டு மொழியில் இன்றும் 'வார்தே'தான். குளவி பாரிஸில் 'கேப்', பிகார்டில் 'வேப்'. பெல்ஜியத்தின் வலோன் மொழியும் இந்த 'வ'வை விடவில்லை. நார்மானியரோடு ஆங்கிலத்துக்குள் போன வடக்கத்திச் சொல் வாரண்டி. கேரண்டியில் இருப்பது தெற்கத்தி 'க'.

ஆயிரம் ஆண்டுக்கு மேல் இதைக் காத்த மொழிகளை, பாரிஸ் 'கெட்டுப்போன பிரெஞ்சு' என்றே தள்ளியது. 1794இல் பாதிரியார் கிரெகுவார், வட்டாரப் பேச்சுகளை ஒழித்தே தீர வேண்டும் என்று புரட்சி அரசிடம் அறிக்கை கொடுத்தார். 1951இல் பள்ளிகளில் வட்டார மொழிகளுக்குச் சட்டம் கதவைத் திறந்தபோது பிரெத்தோன், பாஸ்கு, கத்தலான், ஒக்சிதான் நான்கும் உள்ளே போயின. பிகார்டு வாசலிலேயே நின்றது. பிரெஞ்சுக்கு மிக நெருங்கிய உறவாகப் பிறந்ததே அதற்கு வினையானது என்பேன். தூரத்து மொழியை வேற்றுமொழி என்று ஒப்புக்கொள்கிறார்கள். பக்கத்து மொழியைப் பிழை என்று திருத்துகிறார்கள். 2008இல் பிகார்டுப் பேச்சை வைத்து எடுத்த நகைச்சுவைப் படத்தை பிரான்சில் 2 கோடிப் பேர் பார்த்துச் சிரித்தார்கள். அப்போதும் பள்ளியில் இடமில்லை.

2021 டிசம்பரில்தான் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையில் பிகார்டின் பெயர் சேர்ந்தது. 'வார்தே' என்று சொன்னால் திருத்தாத ஆசிரியர் பிகார்டு பேசும் பிள்ளைகளுக்கு இனிமேல்தான் கிடைக்க வேண்டும்.